முழித்திருக்கும் பெட்டி

எஜமான் தூங்கும்போதும் வேலை நடக்க வேண்டும். மனித குலம் இத்தனை ஆயிரம் வருஷமாக அடித்துப் பிடித்து முன்னேறி வந்திருப்பது இந்த ஒரே லட்சியத்துக்காகத்தான். பாளையங்கோட்டை அருமைநாயகம் இப்படித்தான் சொல்லுவார். சொல்லும்போது வலது கை ஆள்காட்டி விரல் வானத்தைப் பார்க்கும். முப்பத்திரண்டு வருஷம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இருந்து, கண்காணிப்பாளர் நாற்காலி வரை உயர்ந்து ஓய்வு பெற்றவர் அவர். லட்சியத்தின் முதல் பாதியை அங்கேயே நிறைவேற்றிவிட்டார். வேலை நடப்பதுதான் பாக்கி.

அந்தத் திங்கட்கிழமை மூன்று மணிக்கு அவர் மனைவி இன்பமணி காப்பியோடு வந்து பார்த்தபோது, மேஜை மேலிருந்த கம்ப்யூட்டரின் திரை கறுத்துக் கிடந்தது. அதற்கு முன்னால் அருமைநாயகம், மவுஸின் மேல் வைத்த கை வைத்தபடி இருக்க, வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் தூங்கியிருக்கிய" என்றாள் இன்பமணி, காப்பியை வைத்துவிட்டு. "எவ்வளவு வந்திருந்தது?"

அருமைநாயகம் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பாதிக்கு மேல் வந்திருந்ததாகச் சொன்னார்.

"இனி?"

"முதல்ல இருந்துதான்."

இப்படி ஆவது அது நாலாவது தடவை.

விஷயம் இதுதான். அவர்களுடைய கிறிஸ்தவ சபைக்கு இந்த வருஷம் நூற்றெழுபத்தைந்து வயது. பிரதிஷ்டைப் பண்டிகையன்று ஆலய வாசலில் ஒரு கல்வெட்டு திறப்பதாகக் கமிட்டி தீர்மானித்திருந்தது. ஆலயத்தைக் கட்டிய கிரிம்ஷா துரையின் பெயர் மேலே வரும். அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருந்தது. அந்த இடத்தில், 'முதல் உபதேசியார் வேதமாணிக்கம்' என்று தம் பாட்டனுக்குப் பாட்டன் பெயர் வர வேண்டும் என்பது அருமைநாயகத்தின் வேண்டுகோள். வேண்டுகோள் என்பது கமிட்டியின் குறிப்பேட்டில் எழுதியிருக்கிற வார்த்தை. அவர் அதை உத்தரவாகத்தான் போட்டிருந்தார்.

அவரிடம் சாட்சி ஒன்று இருந்தது. வீட்டின் முன்னறையில் ஒரு கண்ணாடிப் பெட்டகம். அதற்குள் சிவப்பு வெல்வெட்டின் மேல் சுருட்டி வைத்த நாலு முழக் கயிறு. ஆலயத்தின் முதல் மணியை வேதமாணிக்க உபதேசியார் இழுத்த கயிறு என்று ஐந்து தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும், காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் உள்பட, அதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு நிற்கலாம் என்ற சலுகை உண்டு.

இந்தக் கயிற்றுக்கு மசியாத ஒரே ஆள் கமிட்டிச் செயலாளர் தானியேல்.

"கயிறு நல்ல கயிறுதான் வே" என்று அவர் கமிட்டியில் வைத்தே சொன்னார். "ஆனா அதுல பேரு ஒண்ணும் எழுதலியே. எழுத்துல ஏதாவது கொண்டாரும், வெட்டிருவோம்."

அருமைநாயகத்துக்கு முகம் சிவந்தது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சங்கதியை எடுத்து வீசினார். தானியேலின் முன்னோர் ஒருவர் கிரிம்ஷா துரையின் பங்களாவில் பங்கா இழுத்தவர். மின்விசிறி இல்லாத காலத்தில் துரைமார் வீட்டு மச்சிலிருந்து தொங்கிய பெரிய துணிவிசிறிதான் பங்கா. வராந்தாவில் ஒரு ஆள் உட்கார்ந்து அதன் கயிற்றை ஓயாமல் இழுத்துக்கொண்டிருந்தால், உள்ளே படுத்திருக்கும் துரைக்குக் காற்று வரும். அப்பேர்ப்பட்டவன் வம்சத்துக்கு ஓர் உபதேசியாரின் அருமை எங்கே தெரியப்போகிறது என்று அருமைநாயகம் சபையைப் பார்த்துக் கேட்டார்.

தானியேல் கோபப்படவில்லை. "ஆமா, எங்க பாட்டன் மாசில்லாமணி இழுத்தாரு. இருவது வருஷம் இழுத்தாரு. அந்தக் காத்துல உக்காந்துதான் துரை பிரசங்கம் எழுதுனாரு" என்றார். பிறகு, ஒரு ஞாயிறு விட்டு மறு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடும், அதற்குள் ஆதாரம் வராவிட்டால் அந்த வரி இல்லாமலே கல்லை வெட்டக் கொடுத்துவிடலாம் என்று எழுதி, எல்லாரிடமும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

ஆதாரம் லண்டனில் இருந்தது. அங்கே ஓர் ஆவணக் காப்பகம், உலகம் முழுக்கப் போன மிஷன் துரைமார்களின் நாட்குறிப்புகளைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து இணையத்தில் போட்டிருந்தது. கிரிம்ஷா துரையின் நாட்குறிப்பும் அதில் இருந்தது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் லண்டன்காரர்கள் அதைப் பச்சைப்பிள்ளைக்குப் பாலாடையில் மருந்து புகட்டுவதுபோல் சொட்டுச் சொட்டாக அனுப்பினார்கள். ஒரு நாட்குறிப்பு முழுசாக வந்து சேர ஒரு பகல் பிடிக்கும். அருமைநாயகத்தின் கம்ப்யூட்டரோ அரைமணி நேரம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடும். அது தூங்கினால் இறங்குவதும் நின்றுபோகும். ஆகவே அதைத் தூங்கவிடாமல் அவ்வப்போது மவுஸை ஆட்டுகிற பொறுப்பை அவரே ஏற்றிருந்தார். மத்தியானச் சாளைமீன் குழம்புக்கும் மே மாசத்து வெயிலுக்கும் நடுவில் அந்தப் பொறுப்பு தினமும் தோற்றது.

செவ்வாய்க்கிழமை அவர் மேலப்பாளையத்துக்குப் போய் ரசீத்தின் கம்ப்யூட்டர் கடையில் ஏறினார். ரசீத் பத்து வருஷம் ஜித்தாவில் இதே தொழில் பார்த்துவிட்டு வந்தவர். கடைக்கு வந்த அருமைநாயகத்தை 'அண்ணாச்சி' என்றார். 'சார்' என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

முழுக் கதையையும் கேட்டுவிட்டு ரசீத் சிரித்தார். "இதுக்கா இவ்வளவு பாடு? கம்ப்யூட்டரு தூங்காம இருக்க உள்ளயே ஒரு செட்டிங்கு இருக்கு அண்ணாச்சி. ரெண்டு நிமிசம். சும்மாவே செஞ்சு தாரேன்."

அருமைநாயகம் யோசித்தார். ரெண்டு நிமிஷத்தில், சும்மாவே, ஒருவருக்கும் தெரியாமல் தீர்ந்துபோகிற பிரச்சினையில் அவருக்கு எந்த மரியாதையும் இருப்பதாகத் தெரியவில்லை. நாலு பேரைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் காட்டுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

"வேற ஏதாவது இருக்கா?" என்றார்.

கடைக்காரர் கேட்டதைக் கொடுப்பவர்தானே. ரசீத் அலமாரியிலிருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். இணைய இணைப்புப் பெட்டியோடு இதைக் கோத்துவிட வேண்டும். என்னென்ன வேண்டும் என்று செல்போனிலிருந்து பட்டியல் கொடுத்தால் போதும். ஒவ்வொன்றாக இறக்கித் தன் வயிற்றில் வைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரைப் போடவே வேண்டாம்.

"கம்ப்யூட்டரு தூங்கட்டும், நீங்களும் தூங்குங்க. இது முழிச்சிருக்கும்" என்றார் ரசீத். "கரண்டு, சீரோ வாட் பல்பு அளவுக்குத்தான் இழுக்கும். பரக்கத்தான சாமான் அண்ணாச்சி. கொஞ்சமாத் தின்னும், நெறய வேல பாக்கும், வாயத் தொறக்காது."

தம் கீழ் வேலை பார்த்தவர்களிடம் முப்பத்திரண்டு வருஷமாக எதிர்பார்த்தது இதைத்தான் என்று அருமைநாயகத்துக்குத் தோன்றியது. நாகரிகத்தின் உச்சத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்.

அன்றே சபையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போனது. 'நான் துயிலும் வேளையிலும் லண்டன் மாநகரிலிருந்து சரித்திரத்தை ஈர்க்கும் கருவி இல்லத்தில் நிறுவப்பட்டுள்ளது.' எட்டுப் பேர் கைகூப்பினார்கள். தானியேல் கட்டைவிரல் ஒன்றைப் போட்டார்.

பட்டியல் கொடுக்கும்போது அவர் ஒரு காரியம் செய்தார். கிரிம்ஷா துரையின் நாட்குறிப்பு ஒன்றே போதும். ஆனால் இத்தனை பெரிய கருவிக்கு இத்தனை சின்ன வேலையா? காப்பகத்தில் இருந்த அத்தனையையும் தேர்ந்தெடுத்து அழுத்தினார். உலகத்து மிஷன் சரித்திரம் முழுதும் பாளையங்கோட்டையில் தம் வீட்டில் இருக்கும். ஆராய்ச்சி மாணவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அவர் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்.

புதன்கிழமை மத்தியானம் முதல் இடைஞ்சல் வந்தது. பெட்டியில் ஒரு நீல விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. அது படுக்கையறையில் இருந்ததால் அவருக்குக் கண் கூசியது. எழுந்து, ஒரு தேங்காய்ப்பூத் துண்டை நாலாக மடித்து அதன்மேல் போர்த்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். எழுந்து துண்டை எடுத்தபோது பெட்டி இட்லிப்பானை மாதிரிக் கொதித்தது. விளக்கு அணைந்திருந்தது.

ரசீத்துக்குப் போன் போட்டார். சாமான் மட்டமானது என்று ஆரம்பித்தார். மறுமுனையில் ரசீத் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்கும் மூச்சு விடணும்லா அண்ணாச்சி. இந்த வேக்காட்டுல உங்க மூஞ்சில துண்டப் போட்டு அமுக்குனா நீங்க எழும்புவியளா?" என்று கேட்டார். ஆற வைத்து மறுபடி போட்டால் ஓடும், இனிமேல் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும் என்றார்.

காற்றோட்டமான இடம் முன்னறைதான். இணைப்புப் பெட்டியையும் சேர்த்து அங்கே மாற்றி, கயிறு இருந்த கண்ணாடிப் பெட்டகத்தின் மேலேயே வைத்தார். கீழே உபதேசியாரின் கயிறு, மேலே விஞ்ஞானத்தின் பெட்டி. பழைய உழைப்பும் புதிய உழைப்பும் என்று இன்பமணியிடம் விளக்கம் சொன்னார். ஃபேன் காற்று நேராகப் பெட்டிக்கு அடிக்கும்படி திருப்பி வைத்ததில் தனக்குக் காற்று வரவில்லை என்று அவள் சொன்னது அவர் காதில் விழவில்லை.

முன்னறைக்கு வந்துவிட்டதால் அது காட்சிப்பொருளாகவும் ஆகிவிட்டது. வியாழக்கிழமை பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஒன்பது பேரும் பாடகர் குழுவில் பாதிப் பேரும் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் கயிற்றையும் பெட்டியையும் பார்த்து முடிக்க மூன்று நிமிஷம் ஆனது. பிறகு இவ்வளவு வேகமான இணைப்பின் கடவுச்சொல் என்ன என்று மரியாதையாகக் கேட்டார்கள். அருமைநாயகம் அதையும் பெருந்தன்மையாகச் சொன்னார். அதன் பிறகு யாரும் எழுந்து போகவில்லை. ஆளுக்கொரு மூலையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு சமையல் வீடியோவும் சீரியலும் பார்த்தார்கள். இன்பமணி காப்பி போட்டே ஓய்ந்துபோனாள். வெள்ளிக்கிழமை அவர்கள் தங்கள் சொந்தக்காரர்களையும் அழைத்து வந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்தான் ஸ்வீட்லின் வந்தாள். குருவானவரின் மகள். கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவள். ஆராய்ச்சிக்காகப் பழைய துரைமார்களின் கையெழுத்தை வாசித்து வாசித்துக் கண்ணாடி போட்டுக்கொண்டவள். அவள் மட்டும் சீரியல் பார்க்காமல், பெட்டியில் என்ன வந்திருக்கிறது என்று பார்க்கலாமா என்று கேட்டாள். அருமைநாயகம் செல்போனை நீட்டினார்.

அவள் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"மாமா, எல்லாத்தையும் கேட்டுட்டியளா?"

"எல்லாத்தையும்தான்."

"இது ஆங்கில அகரவரிசைல வந்துட்டு இருக்கு. ஆப்பிரிக்காவுல ரெண்டு துரை, பர்மாவுல ரெண்டு துரை முடிஞ்சு, இப்ப சிலோன்ல நிக்குது. நம்ம ஊரு கடைசில இருந்து ஏழாவது எழுத்துல்லா. நடுவுல சீனாவுல மட்டும் எரநூறு துரை இருக்காங்க. இங்கன உக்காந்திருக்கவங்க வேற இணைப்ப உறிஞ்சுதாங்க. இப்படியே போனா கிறிஸ்மஸ் தாண்டித்தான் திருநெல்வேலி வரும்."

பர்மாவில் எந்தத் துரைக்கு என்ன காய்ச்சல் வந்தது என்பது முதற்கொண்டு இப்போது அருமைநாயகத்தின் வீட்டில் இருந்தது. வேதமாணிக்கம் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு முழுநாள். மறுபடி ரசீத்துக்குப் போன். பட்டியலில் வேண்டியதைப் பிடித்து இழுத்து முதல் இடத்தில் வைக்கலாம் என்று ரசீத் சொல்ல, ஸ்வீட்லினே அதைச் செய்து கொடுத்தாள். சிலோன் நின்று கிரிம்ஷா துரை கிளம்பினார்.

போகும்போது அவள் வாசலில் நின்று சொன்னாள். "வந்ததும் எங்கிட்ட ஒரு தடவ காட்டுங்க மாமா. துரை கையெழுத்து லேசுல புடிபடாது. நான் மொதல்ல வாசிச்சுப் பாத்துச் சொல்லுதேன்."

"தேவையில்லம்மா" என்றார் அருமைநாயகம். "கமிட்டி முன்னால, எல்லாரும் கேக்க, முதல் தடவையா வாசிக்கணும். நீயே வந்து வாசி. அதுதான் மொற."

வெள்ளிக்கிழமையே கடவுச்சொல்லை மாற்றினார். கூட்டம் கால்மணி நேரத்தில் கலைந்தது. போகிற போக்கில் இரண்டு பேர், கருவி முன்போல் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சனிக்கிழமை மத்தியானம், இன்னும் யாராவது வந்துவிடுவார்களோ என்று வாசலை மறித்து நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். இன்பமணி வந்து பார்த்தபோது காவல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பெட்டகத்தின் மேல் நீல விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"நல்லவேள, அதாவது முழிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு ஃபேனைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனைக்குச் சட்டை போடுகிற நேரத்தில், நாட்குறிப்பு முழுசாக வந்து சேர்ந்திருந்தது. அருமைநாயகம் திறந்தார். எறும்பு வரிசை மாதிரி சாய்ந்து சாய்ந்து ஓடும் கையெழுத்து. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஆனால் காப்பகத்தார் முன்பக்கத்தில் பெயர்ப் பட்டியல் ஒன்றை அச்சில் சேர்த்திருந்தார்கள். அதில் கிரிம்ஷா துரையின் மனைவி பெயர் ஆறு இடத்தில் வந்தது. பிஷப்பின் பெயர் நாலு இடம். வேதமாணிக்கம் பதினேழு இடம்.

அவர் கண் கலங்கியது உண்மை. இன்பமணியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார். அவளும் எண்ணினாள், பதினேழுதான். ஆராதனைக்குப் போவதற்குள் வாட்ஸ்அப்பில் போட்டார்: 'பிஷப்புக்கு நாலு. எங்கள் உபதேசியாருக்குப் பதினேழு.' கல்லில் அந்த ஒரு வரி போதாது, இரண்டு வரி கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தார்.

கமிட்டி கூடிய சபை மண்டபத்தில் அன்று நிற்க இடமில்லை. அருமைநாயகம் பெட்டியை ஒரு தாம்பாளத்தில் வைத்துத் தாமே கொண்டுவந்தார். பின்னால் கண்ணாடிப் பெட்டகத்தை இரண்டு பேர் தூக்கி வந்து மேஜை நடுவில் வைத்தார்கள். பெட்டியைப் பெரிய டிவியோடு கோத்தாயிற்று. குருவானவர் சின்ன ஜெபம் செய்தார். அருமைநாயகம் சின்னதாக இல்லாத ஓர் உரை ஆற்றினார். எஜமான் தூங்கும்போதும் வேலை நடப்பது பற்றி அதில் மூன்று தடவை வந்தது. முடிவில் தானியேலைப் பார்த்து, "எழுத்துல கேட்டீரே வே. பதினேழு தடவ எழுதியிருக்காரு, பாரும்" என்றார்.

தானியேல், "சந்தோசம் வே. வாசிக்கச் சொல்லும்" என்று சொல்லிப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

ஸ்வீட்லின் எழுந்து முதல் இடத்துக்குப் போனாள். துரையின் ஆங்கிலத்தை மனசுக்குள் வாசித்துப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தாள்.

"சொல்லும்மா" என்றார் அருமைநாயகம்.

அவள் தமிழில் சொன்னாள். "'மார்ச் பதினாலு, மத்தியானம். காற்று நின்றுவிட்டது. எழுந்துபோய்ப் பார்த்தேன். வேதமாணிக்கம் தூங்குகிறான்.'"

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். அருமைநாயகம் கையை உயர்த்தினார். "காத்துன்னா இங்க பரிசுத்த ஆவியானவர். துரைமார் பேச்சு அப்படித்தான் இருக்கும். தியானத்துல இருந்திருக்காரு. அடுத்தது."

"'மார்ச் பதினேழு. மறுபடியும் காற்று நின்றது. வேதமாணிக்கம் தூங்குகிறான்.'" அவள் பக்கங்களைத் தள்ளினாள். "'மார்ச் இருபது. வேர்த்து விறுவிறுத்து எழுந்தேன். வேதமாணிக்கம்...'" அவள் நிறுத்தினாள். "மாமா, இதுக்குப் பொறவு பதிமூணு இடமும் இதேதான்."

இன்பமணி, பெண்கள் வரிசையில், தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது அழுகையாகவும் இருக்கலாம்.

"நடுவுல உள்ளதெல்லாம் எதுக்கு?" என்றார் அருமைநாயகம். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "உபதேசியாரா நியமிச்சது கடைசிலதான் இருக்கும். கடைசி இடத்த வாசி. சத்தமா வாசி."

குருவானவர் மகளைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. கேட்டபடியே சத்தமாக வாசித்தாள்.

"'நாளை முதல் மாசில்லாமணி பங்கா இழுப்பான். அவனுக்குப் புதுக் கயிறு வாங்க வேண்டும். பழையதை வேதமாணிக்கம் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.'"